நாயை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?

வெளிநாட்டு வேலை உறுதியான தம்பதிகளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வீசா வந்தாச்சா?". ரெண்டாவது, "வீட்டை வாடகைக்கு விடப் போறீங்களா?". மூணாவது, "அப்ப நாயை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?". கூட்டிட்டுப் போறீங்களான்னு ஒருத்தர் கூட கேட்கறதில்லை, கவனிச்சீங்களா? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், நாய். எல்லாம் ஒரே பட்டியல்.

நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து பெர்லின் கிளம்பற ஏற்பாட்டில் இருக்கோம். மணியும் வர்றான். மணி ராஜபாளையமும் இல்லை, லாப்ரடாரும் இல்லை, அக்மார்க் தெருநாய். "அங்க போய் இதைவிட நல்ல நாயா வாங்கிக்கலாமேப்பா"ன்னார் ஒரு பெரியவர். வயசுக்கு மரியாதை கொடுத்து அப்ப பேசாம இருந்துட்டேன். இப்ப பேசறேன்.

முதல் சாக்கு, "ரொம்ப அலைச்சல்". என்ன அலைச்சல்? இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாய் போகணும்னா முதலில் மைக்ரோசிப். அதுக்கப்புறம்தான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினா ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, அவங்க அங்கீகரிச்ச ஆய்வகத்துக்கு அனுப்பணும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாசம் காத்திருக்கணும். கடைசியா, போய்ச் சேர்றதுக்கு முந்தைய 10 நாளுக்குள் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ். மொத்தம் 4 மாசம், அவ்வளவுதான். நம்ம ஊரில் ரேபிஸ் இன்னும் ஒழியலை. உள்ளே நோய் ஒளிஞ்சிருந்தா வெளியே தெரியட்டும்னுதான் அந்தக் காத்திருப்பு. அதில் என்ன அநியாயம்?

ஐடி கம்பெனி 90 நாள் நோட்டீஸ் பீரியட் கேட்டா வாயை மூடிட்டு இருக்கோம். நாய்க்கு 4 மாசம்னா மட்டும் "ப்ராக்டிகலா சாத்தியமில்லை"யாம்! இன்னொரு விஷயம். பூஸ்டர் ஊசியை நாள் தவறாம போட்டுட்டு வந்தா அந்த ரத்தப் பரிசோதனை காலாவதி ஆகாது. ஆன்சைட் கனவு வருஷக்கணக்கா காணற நமக்கு, ஆஃபர் வர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சு வைக்க நேரம் இல்லையா?

ரெண்டாவது சாக்கு, பணம். பெட்டி, விமானக் கட்டணம், ஏஜென்ட்னு பெரிய தொகை ஆகுது, நிஜம்தான். பெர்லினில் நாய்க்கு வருஷம் 120 யூரோ வரி வேற. கட்டறோம். "அந்தக் காசில் ஒரு ஏழைப் பையனைப் படிக்க வைக்கலாமே"ங்கறவங்க, கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா வச்சப்ப எங்க போயிருந்தாங்க?

எல்லா நாயும் பறக்க முடியாது, ஒத்துக்கறேன். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு பக் வாங்கினோம். அந்த மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குப் பயணத்தில் மூச்சுத் திணறும்கறதால பல விமான நிறுவனங்கள் ஏத்தறதே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நாய் நேரடியா போகவே முடியாது. ரொம்ப வயசான நாயைக் கூண்டில் அடைச்சு அனுப்பறதும் பாவம். இவங்க விட்டுட்டுப் போறதில் எனக்குச் சண்டை இல்லை. எப்படி விட்டுட்டுப் போறாங்கங்கறதில்தான் சண்டை.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது வாட்ச்மேன் கையில் ஒரு மூட்டை பெடிக்ரீயும் ரெண்டாயிரம் ரூபாயும் கொடுத்துட்டு "பார்த்துக்கோங்கண்ணே"ன்னா, அது ஏற்பாடு இல்லை, கைகழுவறது. "தெருவில் விட்டா பொழைச்சுக்கும்"ங்கறது அதைவிடப் பொய். தெருநாய்களுக்கு எல்லை உண்டு. சோபாவில் தூங்கின நாய் புதுத்தெருவில் இறங்கினா முதல் ராத்திரியே கடிபடும். புது வீடுதான்னா, அந்த ஆளோடு பழக ரெண்டு மூணு மாசமாவது கொடுங்க.

அதனால, வெளிநாட்டு ஆசை வந்த அன்னைக்கே சிப் போடுங்க. கூட்டிட்டுப் போக முடியாதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே நல்ல வீடு தேட ஆரம்பிங்க. ரெண்டுக்கும் நேரமில்லைன்னா தயவு செஞ்சு நாய் வளர்க்காதீங்க. அதுக்கு உங்க ஆன்சைட் பத்தி ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் நீங்க வருவீங்கன்னு மட்டும்தான் தெரியும்.