மகன் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் குருசுக்குப்பம் வீட்டு வாசலில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் செயினைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். கடற்கரைக்கு நடக்கப் போகும் என் வயதுக்காரர்கள், "73 வயசுல இது தேவையா சார்?" என்பார்கள். பையன்கள் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, வண்டி கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு? ஒண்ணுமே பண்ணலையா?" என்பார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி என் மகனுடையது. 2018-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சி.சி., ஒற்றை சிலிண்டர், எடை 200 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. தார் ரோட்டிலும் போகும், கல்லும் மண்ணுமான பாதையிலும் போகும். இந்த ரகத்தை பிரெஞ்சுக்காரர்கள் "திரெய்ல்" என்பார்கள். வாங்கிய மறு வருடமே மகன் பிரான்சுக்குப் போய்விட்டான். என் மனைவி வழியில் அந்தக் குடியுரிமை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை விடுமுறைக்கு வருவான். மீதி மாதங்களெல்லாம் வண்டியும் நானும்தான்.

2022-இல் வந்தபோது, வந்த மூன்றாம் நாளே வண்டியை ஒரு பட்டறையில் விட்டான். இரண்டு நாளில் அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தது. முன்னால் இரண்டு பெரிய விளக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பெட்டி, சுற்றிலும் கம்பித் தடுப்பு, உயர்த்திய ஹேண்டில்பார், தெருவையே எழுப்பும் புகைக்குழாய். செலவை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செயினைத் துடைத்தார்களா, பிரேக் ஆயில் மாற்றினார்களா என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம் பப்பா" என்றான்.

மருமகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகக் கொல்லிமலைக்குக் கிளம்பினான். காரவள்ளியிலிருந்து மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, கள்ளக்குறிச்சி தாண்டி, இருட்டிய பிறகு, ஒரு திருப்பத்தில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டது. எதிரே லாரி. அவன் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தியிருக்கிறான். விழவில்லை. போன் செய்தபோது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்து மருமகள் அழுவதும் கேட்டது.

மறுநாள் டேங்கைக் கழற்றிப் பார்த்தோம். புதிய விளக்குகளுக்குத் தனி ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. ஹெட்லைட் ஒயரைச் சீவி, அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஹேண்டில்பாரை உயர்த்தியதில் ஒயர்களுக்குத் தளர்ச்சி போய்விட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஒட்டு ஃபிரேமில் உரசி உரசி, கடைசியில் செம்பு வெளியே வந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. 70 வளைவுகளில் எத்தனை தடவை உரசியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து என் கருத்து ஒன்றுதான். வண்டியில் எதையாவது மாற்ற ஆசைப்படுகிறவன் முதலில் ஆறு மாதம் அதைத் தன் கையால் பராமரிக்க வேண்டும். பிறகு மாற்றட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பராமரிக்கிறவனுக்குத்தான் எந்த ஒயர் எங்கே ஓடுகிறது, எந்தப் போல்ட் தானாகத் தளர்கிறது என்பதெல்லாம் தெரியும்.

இந்த வண்டிக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கலாம். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று முதலில் ஸ்போக்ஸைப் பிடிக்கும், அடுத்து செயினை. செயினின் கண்ணிகளுக்குள் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. கம்பி பிரஷ் போட்டாலும் பெட்ரோல் ஊற்றினாலும் அவை கெட்டுவிடும். மண்ணெண்ணெய், மெல்லிய பிரஷ், துணி, கடைசியில் 90 நம்பர் கியர் ஆயில். அவ்வளவுதான். ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால் அது தளர்ந்திருக்கிறது.

செயினில் இன்னொரு விஷயம். இந்த ரக வண்டிகளில் சக்கரம் மேலும் கீழும் நிறையப் போய்வரும். இதில் முன்னால் 200 மில்லிமீட்டர், பின்னால் 180. ஆள் ஏறாமல் நிற்கும்போது செயினை விறைப்பாக வைத்துவிட்டால், இரண்டு பேரும் இரண்டு பெட்டியும் ஏறியதும் அது இன்னும் இழுபட்டு எஞ்சின் பக்கத்துப் பேரிங்கைத் தின்றுவிடும். செயின் தொளதொளவென்று இருப்பதாகப் பார்க்கிறவர்களெல்லாம் சொல்வார்கள். கையேட்டில் போட்டிருக்கும் அளவை நம்புங்கள், பார்க்கிறவர்களை நம்பாதீர்கள்.

நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு. தினம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் சூடேறாது, உள்ளே ஈரம்தான் சேரும். அதனால்தான் வாரம் ஒருமுறை காலாப்பட்டு வரை ஓட்டிவிட்டு வருகிறேன். (உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை.) பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயருக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 1818 என்றால் 2018-ஆம் ஆண்டின் 18-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. உள்ளே ரப்பர் காய்ந்திருக்கும்.

நான் மாற்றத்துக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இரண்டு மாற்றம் செய்தேன். சைடு ஸ்டாண்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். மணலில் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்தால் தூக்க என்னால் முடியாது. தெருப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, சீட்டுக்குப் பின்னால் கட்டிய ஒரு சின்னப் பை. அதில் 21 அங்குல டியூப் ஒன்று இருக்கிறது. பின்சக்கர டியூப் கிடைத்தாலும் கிடைக்கும், முன்சக்கர டியூப் எந்தக் கிராமத்துப் பஞ்சர் கடையிலும் கிடைக்காது. அந்தப் புகைக்குழாய், பெட்டி, தடுப்பு எல்லாம் இப்போது பரணில். விளக்குகளில் ஒன்றை மட்டும் தனி ஃபியூஸ், ரிலேயோடு முறையாகத் திரும்பப் போட்டோம்.

"என் காசு, என் வண்டி, என் இஷ்டம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவாகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. இருந்தாலும் சட்டத்துக்குப் பயந்து நான் பெட்டியைக் கழற்றவில்லை. கழற்றியது அந்த அழுகைச் சத்தத்துக்காக.

பாரீஸிலிருந்து டக்காருக்கு முதல் ஓட்டப்போட்டி 1978 டிசம்பர் 26 அன்று கிளம்பியது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உறவினர் ஒருவர் அனுப்பிவைத்த பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்தச் செய்தியை வரி விடாமல் படித்தேன். மோட்டார் சைக்கிளில் ஜெயித்தவர் சிரில் நெவ்யூ, யமஹா எக்ஸ்.டி. 500 வண்டியில். அதுவும் ஒற்றை சிலிண்டர்தான். பகலெல்லாம் பாலைவனத்தில் ஓட்டிவிட்டு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் தங்கள் வண்டியைத் தாங்களே பிரித்துப் பூட்டினவர்கள் அவர்களில் அநேகம் பேர். இன்று அந்தப் போட்டியின் படத்தைப் பார்த்துப் பெட்டியும் விளக்கும் வாங்குகிறார்கள். டார்ச் வெளிச்சம் யார் கண்ணிலும் படுவதில்லை.

பராமரிப்புக்கு பிரெஞ்சில் "ஆந்த்ரத்தியேன்" என்று சொல்வோம். இருவர் உட்கார்ந்து பேசுவதற்கும் அதே சொல்தான். பள்ளியில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. சமீபத்தில்தான் புரிந்தது.

அலுவலகத்தில் பல வருடம் ஜீப்புகளின் லாக் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. தேதி, கிலோமீட்டர், போட்ட எண்ணெய், மாற்றிய பாகம், கையெழுத்து. அதே மாதிரி இந்த வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எதை மாற்றினாலும், எந்த ஒயரை எங்கே இணைத்தாலும் அதில் ஏறும். பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது தொடங்கும் முன் அவரே நோட்டைக் கேட்கிறார்.

வருகிற ஜூலையில் மகன் வருகிறான். போன வாரம் பேசும்போது நோட்டின் கடைசி நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். மறுநாள் காலை போன். "பப்பா, பின் டயர்ல என்ன நம்பர் போட்டிருக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.