விட்டுப்போன ஒரு தவணை

மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் குறித்து நாட்டில் பெரும் விவாதம் நடக்கிறது. 60 மாதங்கள் இடைவிடாது காப்பீடு பெற்றவரின் பாலிசியை, மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, பழைய நோயை மறைத்தார் என்று கூறி ரத்துச் செய்யலாகாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்தது. முன்னர் அது எட்டு ஆண்டுகள். நல்லதே. ஆனால் ‘இடைவிடாது’ என்னும் சொல் யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வலைவீசி வாழ்வோருக்கும், மாமல்லபுரத்தில் கல் செதுக்குவோருக்கும் வருவாய் மாதந்தோறும் வருவதன்று. வடகிழக்குப் பருவமழையில் படகுகள் மணலில் கிடக்கும். ஆண்டுத் தவணைக்கு அவகாசமோ 30 நாள்தான். அது கடந்தால் நான்காண்டுகள் கட்டியதும் கணக்கில் நில்லாது. எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வறுமை விளைத்த இடைவெளிக்கு இத்தண்டனை தகுமோ?

இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 2021-இல் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரம் காப்பீட்டு அட்டை கேளாமலே சிகிச்சை அளிக்கிறது. அட்டையே இல்லாதவரைக் காக்க வழியுண்டெனில், ஒரு தவணை தவறியவரைக் காக்க வழியில்லையா? இடைவெளிக் காலத்துக்கு நாம் ஈடு கேட்கவில்லை. கட்டிய மாதங்களை அழிக்காதீர்கள் என்றே கேட்கிறோம்.