உயிலில் ஓர் அலுவலகம்

உயில் என்றதும் வீடு யாருக்கு, காணி யாருக்கு என்றுதான் நாம் கேட்போம். ஜோன் ஜேக்கப் அஸ்ரரின் உயிலில் எம் கண்ணில் பட்டது வேறொன்று.

1763இல் ஜேர்மனியின் வால்டோர்ப் கிராமத்தில் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1784இல் அமெரிக்காவில் இறங்கியபோது விற்பதற்கென்று சில புல்லாங்குழல்கள் வைத்திருந்தார். தமையன் முன்னரே நியூயோர்க்கில். (தமையன் இல்லாமல் எவர்தான் வெளிநாடு வந்தார்!) விலங்குத் தோல் வியாபாரத்திலும் பின்னர் மன்ஹற்றன் காணிகளிலும் பணம் குவிந்தது. 1848இல் இறக்கும்போது அந்நாட்டின் முதற் பணக்காரர் அவரே. எல்லாம் நல்ல பணமல்ல. அவரது கம்பனி பூர்வீகக் குடிகளுக்குச் சாராயம் கொடுத்துத் தோல் வாங்கியது. சீனாவுக்குச் சில காலம் அபினும் போனது.

1837 முதல் 1841 வரை நியூயோர்க்கின் ஜேர்மன் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அச்சங்கத்துக்கு 20,000 டொலர் எழுதிவைத்தார், ஒரு நிபந்தனையோடு. பணத்தை முதலிட்டு, வரும் வட்டியில் ஓர் அலுவலகம் நடத்தவேண்டும். புதிதாக வந்திறங்குவோருக்குத் தகவலும் ஆலோசனையும் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும். பாஷை தெரியாத, நாடு தெரியாத அந்நியரை ஏமாற்றுக்காரரிடமிருந்து காக்கவேண்டும்.

நூலகத்துக்கு அவர் கொடுத்த 400,000 டொலருக்கு முன் இது சிறிய தொகைதான். படிவம் நிரப்பவும் காசு கேட்பவர்களைக் கண்ட எமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. எமது சங்கங்களின் கணக்கறிக்கையில் மண்டப வாடகை உண்டு, கலைவிழாச் செலவு உண்டு. இப்படியொரு மேசைக்கு ஒதுக்கியது எவ்வளவு?

பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. வால்டோர்ப்புக்கு 50,000 டொலர். அதில் கட்டிய ஏழைகள் இல்லம் 1854இல் திறக்கப்பட்டது.