பையனுக்கும் கிண்டுங்கள் உளுந்தங்களி

இலஞ்சியில் இருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும்,

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து எழுதுகிறேன். நம் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் மேற்படிப்புக்கு இங்கே வருகிறார்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள். அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. காலையில் வெறும் வயிறு. மத்தியானம் ரொட்டித் துண்டு. வேலை முடிந்து ராத்திரி வந்தால் நூடுல்ஸ், கூடவே ஒரு எனர்ஜி டிரிங்க். புரதம், கலோரி என்று கேட்டுப் பாருங்கள், யூடியூப் பார்த்து மடமடவென்று சொல்வார்கள். பருப்பை வேகவைக்கத் தெரியாது.

இந்தப் பழக்கம் விமானம் ஏறிய பிறகு வந்ததல்ல. பள்ளிக்கூட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. 1956-இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவு தந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். அந்தச் சத்துணவு 10-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இப்போது வந்திருக்கும் காலை உணவு 5-ஆம் வகுப்பு வரைதான். பதினொன்றில் கால் வைக்கிற பையன், எலும்பும் சதையும் வளர்கிற வயதில், கடைத்தெருவை நம்பி நிற்கிறான். டியூஷன் விட்டால் பரோட்டாவும் சால்னாவும். குற்றால சீசனுக்கு வருகிறவர் ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிட்டுப் போவார். நம் பையனுக்கு அதுவே பாதி ராத்திரிகளின் சாப்பாடு.

பெண் பிள்ளை சமைந்தால் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம், விடக்கூடாது. பையனைப் பற்றிக் கேட்டால், "ஆம்பளப் பிள்ளை, எதையாவது தின்னுக்கிடுவான்" என்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பையன்களில் 31 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்களிடம் இதைவிட அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பத்தில் மூன்று பையன்களை விட்டுவிட முடியுமா?

ஜிம்முக்குப் போகிறவன் புரதப் பவுடருக்குக் காசு கேட்பான். கொடுக்குமுன் யோசியுங்கள். பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லித்தான் 2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வழிகாட்டியது. அறுபது கிலோ எடையுள்ளவனுக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதும். நூறு கிராம் உளுந்திலேயே இருபது கிராமுக்கு மேல் இருக்கிறது. நம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் எவ்வளவு பொருத்தமான ஜோடி! அரிசியில் குறைகிற லைசினை உளுந்து தருகிறது, உளுந்தில் குறைகிற மெத்தியோனினை அரிசியும் எள்ளும் தருகின்றன. முட்டை ஒன்று, முருங்கைக்கீரைப் பொரியல் கொஞ்சம், ஒரு பழம். இவ்வளவுதான் வேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் பையனை அடுப்படிக்குள் கூப்பிடுங்கள். சோறு வடிக்க, பருப்புக் கடைய, கீரை ஆய, முட்டை அவிக்க, துவையல் அரைக்கக் கற்றுக்கொடுங்கள். அண்ணாச்சி, நீங்களும் கூடவே நில்லுங்கள். அப்பா கரண்டி பிடித்தால் மகன் கூச்சப்படமாட்டான். விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அந்த வாரம் பெட்டி கட்டவே நேரம் போதாது.