அரைமுக நலிவு நோயும் ஸ்டீராய்டு மருந்தும்

முகத்தின் ஒரு பாதி மட்டும் மெல்ல வற்றிக் குழிவிழும் அரிய நோயொன்று உண்டு. 1825-இல் வெளியான பாரி என்ற ஆங்கில மருத்துவரின் நூலிலும், 1846-இல் ஜெர்மானியரான ராம்பர்க்கின் நூலிலும் விவரிக்கப்பட்டமையால், இது பாரி-ராம்பர்க் நோய் எனப் பெயர் பெற்றது. பெரும்பாலும் இருபது வயதிற்குள் தொடங்கும். தோலும் கொழுப்பும் நலியும். சிலருக்குத் தசையும் எலும்பும் நலிவதுண்டு. வலிப்பும் கண் கோளாறும் உடன் தோன்றக்கூடும். இது தொற்றுநோயன்று.

இந்நோயை ஸ்டீராய்டு மருந்து ‘குணப்படுத்தும்’ என்று கூறுதல் தகாது என்பது எமது கருத்து. அம்மருந்து அழற்சியைத் தணிக்கும். கரைந்துபோன சதையை மீட்டுத் தராது. மேலும், இந்நோய் சில ஆண்டுகள் வளர்ந்து, பெரும்பாலும் தானே அடங்கும் இயல்பினது. ஆகவே, மருந்துண்ட காலத்தில் நோய் நின்றது என்பதாலேயே மருந்தினால் நின்றது எனத் துணிய இயலாது. நோயாளிகள் மிகச் சிலரே ஆதலால் பெரிய ஒப்பாய்வுகளும் அரிது.

எனினும் இம்மருந்தை ஒதுக்குவதற்கில்லை. இந்நோய்க்கு நெருங்கிய உறவுடையது, தோல் இறுகும் குறியிட ஸ்கிளிரோடெர்மா நோய். அந்நோயுற்ற சிறார் 70 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. முதலில் சில மாதம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு அனைவருக்கும் தரப்பட்டது. இரு பிரிவினருக்கும் தொடக்கத்தில் நலம் கண்டது. ஆனால், உடன் மெதோட்ரெக்சேட் பெற்றவர்களிடமே அந்நலம் பெரிதும் நிலைத்தது. எனவேதான் நோய் வளரும் பருவத்தில் மருத்துவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தளிப்பதுண்டு. அடங்கிய பின்னரோ, உடலின் பிற பகுதியிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் நிரப்பும் அறுவை முறையே பெரிதும் பயன் தருவது.

இதிலிருந்து நம் கடமை தெளிவாகும். இழந்ததை மருந்து மீட்காது ஆதலின், இழக்குமுன் மருத்துவரை அடைவதே இன்றியமையாதது. மாணவரின் முகத்தை நாள்தோறும் காண்பவர் ஆசிரியர். நெற்றியில் வெட்டுத்தழும்பு போன்ற கோடோ, ஒரு கன்னத்தில் குழிவோ தோன்றின், பெற்றோர்க்கு உணர்த்துக. களப்பணியாளர் அக்குழந்தையைத் தோல் மருத்துவரிடம் அனுப்புக. கடையில் தாமே ஸ்டீராய்டு வாங்கி உண்பதையும், உண்டுவருவதைத் திடீரென நிறுத்துவதையும் தடுத்துரைக்க. எலும்புத் தேய்வு, வளர்ச்சிக் குறைவு, நோய்த்தொற்று ஆகிய தீங்குகள் அம்மருந்தால் நேரக்கூடும்.

‘குணமாகும்’ என்று நாம் வாக்களித்து, பழைய முகம் திரும்பாதபோது, அக்குடும்பம் மருத்துவத்தையே வெறுக்கும். ‘மேலும் பரவாமல் தடுக்க முயலலாம்’ என்பதே உண்மைக்கு இயைந்த சொல். சொல்லில் அடக்கமும் செயலில் விரைவும் இங்கு ஒருங்கே வேண்டும்.