தேயிலையில் இலை எங்கே?

தமிழில் நாம் 'தேயிலை' என்கிறோம். இந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். 'தே' என்பது சீனத்தின் பூக்கியன் கரையோர மக்கள் அந்தச் செடிக்கு வழங்கிய பெயர். கடல் வாணிகம் செய்த ஒல்லாந்தர் வாயிலாக அது ஐரோப்பாவெங்கும் பரவியது. பின்னர் நம்மையும் வந்தடைந்தது. 'இலை' நம்முடையது. ஆங்கிலத்தில் செடிக்கும் தூளுக்கும் பானத்துக்கும் 'டீ' என்ற ஒரே சொல்தான். நாம் இலையை இலையென்றே சொன்னோம். பானத்துக்குத் தேநீர் என்றும் தேத்தண்ணீர் என்றும் தனிப்பெயர் வைத்தோம். இவ்வளவு கவனமாகப் பெயர் சூட்டிய சமூகத்தின் அடுப்படியில் பேணியைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணமானாலும் மதுரையானாலும் ரொறன்ரோவானாலும் உள்ளே இருப்பது தூள். இலையைக் காணோம்.

இந்த எண்ணத்தை எனக்குள் கிளறிவிட்டது ஒரு கண்ணாடிக் குடுவை. சீனத்தில் தொழில் பார்க்கும் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு விடுமுறையில் பண்டாரவளைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. இரட்டைச் சுவர்க் கண்ணாடி, மூடியோடு சேர்ந்த ஒரு சிறு வடி, கைப்பையில் அடங்கும் உயரம். கூடவே ஒரு பொட்டலம் லொங்ஜிங் பசுந்தேயிலை. இத்தகைய குடுவையைச் சீனத்தில் பேருந்துச் சாரதியின் இருக்கைக்குப் பக்கத்திலும் அலுவலக மேசையிலும் புகையிரதப் பயணியின் கையிலும் காணலாம். காலையில் ஒரு சிட்டிகை இலையை இட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். பாதி குடித்ததும் மறுபடி வெந்நீர். இலை மாறுவதில்லை, நீர்தான் மாறுகிறது.

நமக்கும் குடுவை புதிதன்று. நாம் அதைப் 'பிளாஸ்க்' என்போம். 1892-இல் லண்டனில் ஜேம்ஸ் டிவார் என்ற விஞ்ஞானி, மிகக் குளிர்ந்த திரவங்களைக் காப்பதற்காக இரு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே வெற்றிடம் அமைத்தார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1904-இல் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழில் வல்லுநர் அதை வீட்டுப் பாவனைக்குரிய பொருளாக்கினார், 'தெர்மோஸ்' பிறந்தது. ஆனால் நம் வீடுகளில் பிளாஸ்க் என்றாலே ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. நோயாளிக்குக் கஞ்சி, மலர்ந்த தாய்க்குக் கொத்தமல்லித் தண்ணீர், இல்லையேல் பதுளைப் புகையிரதத்தில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர். ஏற்கெனவே செய்துமுடித்ததைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரம் அது. சீனக் கண்ணாடிக் குடுவையோ தேநீர் உருவாகும் இடம். அது உருவாவதை நம் கண்ணால் பார்க்கலாம்.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு மில்லிலீற்றர் குடுவைக்கு இரண்டு மூன்று கிராம் இலை போதும். பசுந்தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது; 75 முதல் 85 பாகை வரை போதுமானது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால், இங்கே தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அதை இறக்கி ஒரு சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் சரி. முதலில் சிறிது வெந்நீரால் குடுவையை அலசிக்கொள்வது கண்ணாடிக்கும் நல்லது, தேநீருக்கும் நல்லது. முழுவதையும் குடித்து வற்றவிடாமல் மூன்றிலொரு பங்கை அடியில் விட்டு மறுநீர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டாம் நீரும் மூன்றாம் நீரும் சப்பென்று போகாது. பெரும்பாலும் இந்த இரட்டைச் சுவருக்குள் இருப்பது வெறும் காற்றுதான், வெற்றிடம் இல்லை. அதனால் தேநீர் விரைவில் ஆறிவிடும். இதைக் குறை என்பாருமுண்டு. என் கணக்கில் இதுவே அதன் நன்மை. உருக்கு வெற்றிடக் குடுவைக்குள் இலையை இட்டு அடைத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் தணியாத சூட்டில் இலை அவிந்து, நிறம் பழுப்பாகி, கசப்பும் துவர்ப்புமே எஞ்சும். நீண்ட பயணமென்றால் சுடுதண்ணீரைப் பிளாஸ்கிலும் இலையைக் கண்ணாடிக் குடுவையிலுமாகப் பிரித்துக் கொண்டுபோவதே உசிதம்.

சரி, நம் ஊவாத் தேயிலையை இதில் இட்டால் என்ன? இட்டுப் பார்த்தேன். கடையில் வாங்கிய பி.ஓ.பி. வகை. முதல் மூன்று நிமிடம் நன்றாக இருந்தது. பத்தாவது நிமிடத்தில் வாயில் வைக்க முடியவில்லை. காரணம் தேயிலையின் தரமன்று, அதன் உருவம். முழு இலை தன் சாரத்தை மெல்ல மெல்ல விடும். நொறுக்கப்பட்ட இலை ஒரேயடியாகக் கொட்டிவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வடித்துப் பாலும் சீனியும் கலக்கவென்றே நம் தொழிற்சாலைகள் இலையை நொறுக்குகின்றன. உருட்டு யந்திரமும் சல்லடையும் அதற்காகத்தான் ஓடுகின்றன.

இதற்கொரு சரித்திரம் உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பின்னர் மலைநாடு முழுவதும் தேயிலையாயிற்று. 1883-இல் கொழும்பு ஏலம் தொடங்கியது. 1890-இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னையில் கால்வைத்தார். பிரித்தானியத் தொழிலாளி வர்க்கத்துக்கு மலிவாக, விரைவாக, கடும் சாயத்தோடு ஒரு கோப்பை வேண்டியிருந்தது. அந்தக் கோப்பைக்கு ஏற்ப இலை உடைக்கப்பட்டது. தரப்பெயர்களில் மட்டும் பழைய இலையின் நிழல் எஞ்சியிருக்கிறது. 'பீக்கோ' என்ற சொல், இளம் மொட்டின் மேல் படர்ந்திருக்கும் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. 'புரோக்கன்' என்ற அடைமொழியை அதன் முன்னால் சேர்த்தது ஆங்கிலேயர் சந்தை.

ஊவாவின் பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையின் இந்தப் பக்கம் வீசும் வறண்ட கச்சான் காற்றில் செடி வாடி வருந்தும்போது, அதன் இலையில் ஒரு தனி வாசனை பிறக்கிறது. அதற்குக் காரணமான பொருட்களில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று. தோள்வலிக்கும் முழங்கால் வலிக்கும் பூசுகிற தைலங்களிலும் இதே பொருள்தான் இருக்கிறது. உலகத்துச் சுவைஞர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் வாசனையும், கூடை சுமந்த தோளில் இரவில் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் ஒன்றே என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். கண்ணாடிக் குடுவை சாட்சி சொல்லும் பாத்திரம். வெந்நீர் பட்டதும் சுருண்ட இலை மெல்ல விரிகிறது. ஐந்தாறு நிமிடத்தில் அது செடியில் இருந்த வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் காம்போடு நிமிர்ந்து நிற்கும். எங்கே கிள்ளப்பட்டது என்பதுகூடத் தெரியும். கொழும்பு ஏலத்தில் சரக்கை மதிப்பிடும் சுவைஞர்கள் சாற்றை மட்டும் சுவைப்பதில்லை. அவிந்த இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைத்து அதன் நிறத்தையும் பார்ப்பார்கள். அவர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்த அந்தக் காட்சியைக் குடுவை சாதாரணக் குடிகாரனுக்கும் தருகிறது. (தேநீர்க் குடிகாரன் என்று வாசிக்கவும்!) தூளில் இந்த வாய்ப்பு இல்லை. தூளில் பறித்தவரின் விரல் தெரியாது. கவனமாகக் கிள்ளிய கொழுந்தும் முற்றிய இலையும் அரைபட்டுப்போனால் பார்வைக்கு ஒன்றுதான்.

இதில் கூலிப் பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கிறது. மலையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பதினெட்டு கிலோ, இருபது கிலோ என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நிறையைக் கொண்டு பேர் போடும் இடத்தில், மொட்டும் இரண்டு இலையுமாகத் தேர்ந்து கிள்ளும் பெண் தோற்றுப்போகிறாள். கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கியவள் தப்பித்துக்கொள்கிறாள். ஆள் தட்டுப்பாட்டால் பல தோட்டங்களில் கத்தரியும் வந்துவிட்டது. 2021-இல் ஆயிரம் ரூபாவுக்கும் 2024-இல் 1,350 ரூபாவுக்கும் நடந்த சம்பளப் போராட்டங்களை என் தொழிலில் நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபா அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பேச்சு ரூபாவையும் கிலோவையும் பற்றியே நடந்தது. கைத்திறனுக்கு என்ன விலை என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்பி நான் கேட்டதில்லை. கிள்ளுவது ஒரு திறன் என்று ஒப்புக்கொண்டால் அதற்கு விலை வைக்க வேண்டிவரும் அல்லவா?

வேறு வழி இல்லையென்றும் சொல்ல முடியாது. பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் அப்பால் அம்பதண்டேகமவில் 'அம்பா' என்றொரு சிறிய தோட்டம் இருக்கிறது. அங்கே இலையைக் கையால் உருட்டுகிறார்கள். அவர்களுடைய தேயிலை ஒன்றின் பெயர் 'வங்கெடி பீக்கோ'. வங்கெடிய என்றால் சிங்களத்தில் உரல். வருமானத்தில் நூற்றுக்குப் பத்தைத் தொழிலாளருக்குப் பங்கிடுகிறார்கள். லாபத்தில் பத்து அல்ல, வருமானத்தில் பத்து என்பதைக் கவனியுங்கள். முழு இலைக்குக் கிடைக்கும் மேலதிக விலை கிள்ளிய கைக்கும் போய்ச் சேர முடியும் என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள உதாரணம். ஒரு சிறு தோட்டத்தின் கணக்கை அறுநூறு ஏக்கர்க் கம்பெனித் தோட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆயினும் ஒவ்வொரு பெருந்தோட்டத்திலும் ஒரு மலையை, வாரத்தில் ஒரு நாளை, முழு இலைக்கென ஒதுக்கி, அன்றைய கொழுந்துக்கு நிறைக்கல்லாமல் தரத்துக்குக் கூலி கொடுத்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். "அடுப்பில் உலை வைக்க வழியில்லாதவனிடம் கண்ணாடிக் குடுவையைப் பற்றிப் பேசுகிறீரா?" என்று நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. மலைக்குப் போகும் பெண்கள் போத்தலில் ஊற்றிச் செல்லும் சாயத்தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. பசிக்கும் குளிருக்கும் சீனி போட்ட அந்தச் சாயந்தான் துணை. நான் கேட்பது வேறு. இந்நாட்டுத் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கப்பலேறுகிறது. ஆகஸ்ட் மாதத்து ஊவாக் கொழுந்தைக் கிள்ளிய பெண் அதன் உண்மையான சுவையை ஒருமுறையாவது அறிந்திருக்கிறாளா? மாதந்தோறும் தோட்டத்தில் கொடுக்கப்படும் தேயிலைத்தூளோடு, அந்தப் பருவத்தின் முதல்தரத்தில் நூறு கிராமாவது அவளுக்குக் கொடுத்தால் என்ன? அதைச் சலுகை என்று சொல்லாதீர்கள். தான் செய்யும் பொருளின் தரம் தெரிந்த தொழிலாளியே அதன் விலையைப் பேச முடியும். தெரியாமல் வைத்திருப்பது யாருக்கு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"முழு இலை வந்துவிட்டால் முழுக் கூலி வந்துவிடுமா?" என்பது அடுத்த கேள்வி. வராது. பார்க்கிறவன் கேட்டால்தான் வரும். எனவே உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். லண்டனிலோ சிட்னியிலோ 'சிலோன் டீ' வாங்கப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தோட்டம்? எந்த மாதத்துக் கொழுந்து? இலையா, தூளா? கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும். பத்துப்பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதிலை ஆயத்தமாக வைத்திருப்பார். பிறகு ஒரு கண்ணாடிக் குடுவையை வாங்கி அந்த இலையை இட்டு விரிவதைப் பாருங்கள். காம்பின் நுனியில் நகம் பட்ட இடம் தெரியும். நம் பாட்டிமார் பலருக்கும் அந்த நகம் கறை படிந்தே இருந்தது.