கையெழுத்தும் விளம்பரம்தான்

‘படம் நன்றாக இருந்தால் வேலை தானே தேடி வரும், இளம் ஓவியர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வது அழகல்ல’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஏற்க முடியாது. 1950களில் ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்தபோது, அவர் கையெழுத்தை வாராவாரம் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ‘கல்கி’ வார இதழ். அந்த வேலையை இன்று இன்ஸ்டாகிராமில் ஓவியரே செய்ய வேண்டியிருக்கிறது. இதில் என்ன இழுக்கு?

காசு பேசத் தயங்குவதும் பண்பல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். புத்தக அட்டைக்கு வரைந்தது நாளை டீ-ஷர்ட்டில் ஏறினாலும் கேட்க வழியில்லை. முன்பணம், எத்தனை திருத்தம், எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாய் திறக்காத ஓவியருக்கு வாடகைப் பணம் யார் தருவார்?